காக்கா உட்கார்ந்த மூலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பருப்புச் சாதத்தில் நெய் விட்டுக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு மோனிஷா பால்கனிக்கு வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குயிலி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கா வசதியாக உட்கார்ந்திருந்தது. குழந்தைக்குச் சோறூட்ட வருகிற எவளுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

"தங்கம், அங்க பாரு! காக்கா... காக்கா பாரு சாமி!" என்று கையை நீட்டினாள்.

குயிலி பார்த்தாள். காக்காயை அல்ல, அம்மாவின் கையை. நீட்டிய ஆள்காட்டி விரலின் நுனியை உற்றுப் பார்த்தாள்.

"விரல்," என்றது குழந்தையின் சட்டையில் குத்தியிருந்த வில்லை. மோனிஷாவின் குரல்தான். ஆனால் மோனிஷாவைவிடக் கொஞ்சம் கனிவாக இருந்தது.

"வெரல்," என்றாள் குயிலி.

மோனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை இன்னும் நீட்டி ஆட்டிக் காட்டினாள். குழந்தையின் பார்வை மணிக்கட்டுக்கு இறங்கியது. "வளையல்," என்றது வில்லை. மோனிஷா குழந்தையின் மோவாயைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள். "கம்பி," என்றது வில்லை, பால்கனிக் கம்பியில் பார்வை பட்டதும். இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காமல் காக்கா எழுந்து பறந்துவிட்டது. அது போன பிறகுதான் குயிலி தானாக அந்தப் பக்கம் பார்த்தாள். "தண்ணீர்த் தொட்டி," என்று வில்லை சொல்ல, அவளும் தன் பங்குக்கு ஒரு தொட்டியைச் சொன்னாள்.

சிரிப்பு நின்றுபோனது. யோசித்துப் பார்த்தால், இந்தப் பிள்ளை இதுவரை எதையாவது விரல் நீட்டிக் காட்டியிருக்கிறதா என்று மோனிஷாவுக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையும் காட்டியதில்லை. காப்பகத்தில் தவழ்கிற எந்தக் குழந்தையும் காட்டிப் பார்த்ததில்லை. சோற்றுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் செவிலியைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. அதில் இரண்டு சின்னக் கேமராக்கள். ஒன்று மேல்நோக்கிக் குழந்தையின் கண்மணியைப் பார்க்கும், இன்னொன்று வெளியே உலகத்தைப் பார்க்கும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரை அந்த நொடியே, பெற்ற தாயின் குரலில் சொல்லும். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற ஊர். ஒரு ஆயாவுக்கு ஒரு அறை நிறையக் குழந்தைகள். பேச்சு வராமலே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்து ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செவிலி வந்தது. குழந்தைகள் மளமளவென்று பேசின. கேஸ் சிலிண்டரைப் பார்த்து ஒரு கைக்குழந்தை 'ரெகுலேட்டர்' என்றதை அந்தத் தெருவே கூடி ரசித்தது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாரும் சொல்லவில்லை.

மோனிஷா குறை சொல்வாளா? செவிலியைச் செய்த தளிர் நிறுவனத்தில்தான் அவளுக்கு வேலை. எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று முடிவு செய்கிற குழுவில் இருந்தாள். வில்லை வெளிவருவதற்கு முன் நடந்த கடைசிக் கூட்டத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிக்கொண்டே வந்தார்கள். 'அம்மா' வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"சார், மத்த எல்லாத்தையும் அதுவே சொல்லிக்கட்டுங்க. இந்த ஒரு வார்த்தைய மட்டும் எங்களுக்கு விட்டு வைங்க. இத நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம்."

குழுத் தலைவர் ஷ்யாம்சுந்தர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே விதி எழுதப்பட்டது: குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும்போது செவிலி பேசாது, அந்த இடம் தாய்க்கு. அப்பாக்களுக்காக யாரும் எழுந்து நிற்காததால் 'அப்பா' வில்லையிலேயே இருந்துவிட்டது. குயிலி எட்டு மாசத்திலேயே கௌசிக்கைப் பார்த்து 'அப்பா' என்றாள். தான் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியில் எல்லோருக்கும் அவன் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தான். 'அம்மா' இன்னும் வரவில்லை. எங்கே போய்விடும், வரும் என்று மோனிஷா இருந்தாள்.

மோனிஷா குயிலியைத் தூக்கிக்கொண்டு போன குழந்தை மருத்துவர் பெனடிக்டாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குயிலியை மேஜை மேல் உட்கார வைத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைக் காட்டி, "அடேயப்பா, யானை பாரு!" என்று ஆச்சரியப்பட்டார். குயிலி டாக்டரின் கையைப் பார்த்தாள். வில்லை "கடிகாரம்" என்றது.

டாக்டர் அதோடு விட்டுவிட்டு ஒரு பொம்மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். மூடியைத் தட்டினால் உள்ளேயிருந்து தவளை துள்ளும். தவளை துள்ளியது. குயிலி தவளையைப் பார்த்தாள், அதன் பெயரைக் கேட்டாள், திருப்பிச் சொன்னாள். பயப்படவுமில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

"இந்த வயசுக் கொழந்தை தவளை குதிச்சா என்ன செய்யும் தெரியுமா மோனிஷா? சட்டுனு அம்மா மொகத்தப் பாக்கும். 'நீயும் பாத்தியா? பயப்படணுமா, சிரிக்கணுமா?'ன்னு கேக்கற பார்வை அது. வாயத் தொறந்து பேசறதுக்கு முன்னாடியே அதுதான் பேச்சு." டாக்டர் மூன்று பொம்மைகளை எடுத்து மேஜையில் முக்கோணமாக வைத்தார். "இது கொழந்தை. இது நீங்க. இது காக்கா. காக்காயக் கொழந்தை பாக்குது, நீங்களும் பாக்கறீங்க, ரெண்டு பேரும் ஒண்ணையே பாக்கறோம்னு கொழந்தைக்குத் தெரியுது. எல்லாப் படிப்பும் இந்த முக்கோணத்துலதான் ஆரம்பிக்குது. நம்ம ஊருல சோறூட்டறப்போ வேடிக்கை காட்டறோமே, வேற எதுக்குன்னு நெனச்சீங்க?"

"இவளுக்கு நெறைய வார்த்தை தெரியுமுங்க டாக்டர்."

"வார்த்தை தெரியும். வார்த்தை ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்றதுன்னு தெரியாது. பொருளத் தொட்டா மணி அடிக்கற மாதிரி, பாத்தா பேரு வரும். அவ்வளவுதான் இவளுக்கு உலகம். கேக்க வேண்டிய அவசியமே வராதப்போ எதுக்கு வெரல நீட்டுவா?"

அப்போதுதான் டாக்டருக்கு ஒன்று கண்ணில் பட்டது. குயிலியின் பார்வை தற்செயலாக மோனிஷாவின் முகத்தில் விழுந்து, உடனே விலகியது. வில்லை மௌனமாக இருந்தது.

"உங்களப் பாக்கறப்போ மட்டும் இது ஏன் வாய மூடிக்குது?"

மோனிஷா அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஃபேனப் பாத்தா பதில் வருது. செருப்பப் பாத்தா வருது. உங்களப் பாத்தா மட்டும் ஒண்ணும் வரல. நீங்க பேசியிருப்பீங்க, இல்லேங்கல. ஆனா நீங்க எப்பவாவது பேசுவீங்க, அது எப்பவும் பேசும். ரெண்டும் ஒரே குரல். இவ புத்திசாலிப் புள்ள, மோனிஷா. இந்த உலகத்துலயே எந்தப் பதிலும் இல்லாத ஒரே எடம் உங்க மொகம்னு கண்டுபிடிச்சிட்டா. பாக்கறத நிறுத்திட்டா."

மோனிஷா குயிலியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தான் கேட்டு வாங்கிய வரம். கைதட்டலோடு வாங்கிய வரம்.

"இப்ப என்ன செய்யறதுங்க டாக்டர்?"

"கழட்டுங்க. நீங்க வேடிக்கை காட்டுங்க. மொதல்ல அவ பாக்கறத நீங்க பாருங்க, அப்பறம்தான் நீங்க பாக்கறத அவ பாப்பா. காலம் இருக்கு, ஆனா ரொம்ப இல்ல. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. என்னிக்காவது அவ கை தானா நீளும். அந்தக் கைக்குப் பதில் வந்தே ஆகணும். பதிலே வராத கை நாலஞ்சு தடவைக்கு மேல நீளாது."

மறுநாள் ஷ்யாம்சுந்தரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பேரன் சட்டையிலும் அதே வில்லைதான். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அந்த விதிதான பிரச்சனை? அடுத்த அப்டேட்ல எடுத்துருவோம். இனிமே அம்மா மொகத்தப் பாத்தாலும் செவிலியே 'அம்மா'ன்னு சொல்லிடும். போதுமா?"

"சார், அப்ப நான் எதுக்குங்க?"

ஒரு குழந்தையை வைத்து இத்தனை லட்சம் குழந்தைகளின் விஷயத்தை முடிவு செய்ய முடியாது என்றார். மற்ற குழந்தைகளையும் டாக்டர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று அவள் கெஞ்சினாள். பார்க்கலாம் என்றார். அந்தக் கட்டடத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வில்லையைக் கழற்றி அணைத்தாள். அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டத்தான் நினைத்தாள். கௌசிக் விடவில்லை. "கண்ணு முன்னாடியே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் மாட்டிக்கலாம்," என்று ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து, பால்கனிக் கதவோரம் தேதி கிழிக்கிற காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே தொங்கவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை மோனிஷா இன்றும் மறக்கவில்லை. குயிலி ஒரு பொருளைப் பார்ப்பாள், உடனே குனிந்து தன் நெஞ்சைப் பார்ப்பாள். சட்டையில் வில்லை இல்லை. கொஞ்ச நேரம் காத்திருப்பாள். மறுபடியும் பொருளைப் பார்ப்பாள், மறுபடியும் நெஞ்சை. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "டம்ளர், கண்ணு. டம்ளர்," என்று மோனிஷா பக்கத்திலிருந்து சொன்னால், அந்தக் குரலைக் கேட்டதும் குழந்தையின் முகம் மலரும். மலர்ந்த முகத்தோடு குனிந்து தன் சட்டையைத் தடவிப் பார்க்கும். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட, குழந்தை அவள் குரலைத் தன் பொத்தானில் தேடியது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் தெர்மாஸ், ரெகுலேட்டர் மாதிரியான பந்தா வார்த்தைகள் போயின. பிறகு பால் போனது, செருப்பு போனது. கடைசியில் 'அப்பா'வும் போனது. அன்றைக்கு கௌசிக் வேலைக்குக் கிளம்பாமல் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தான்.

"நல்லாப் பேசிட்டிருந்த புள்ளைய ஊமையாக்கிட்டயே, மோனி."

"பேசலீங்க. அது எதிரொலி."

"எதிரொலின்னே வச்சுக்க. எனக்கு அது போதும்." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அப்பான்னு ஒரு சத்தம் கேட்டுது. இப்ப அதும் இல்ல."

அவன் சொல்வதுதான் சரியோ என்று பல சமயம் அவளுக்கே தோன்றியது. ஆணியில் தொங்கிய வில்லையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டியதும் உண்டு.

வேடிக்கை காட்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் முழுக்கக் காட்டிப் பார்க்கட்டும். குப்பை வண்டி, நாய், கீரைக்காரர், துணி காயப்போடுகிற மாடி வீட்டுக்காரி என்று மோனிஷா தொண்டை வறளக் கத்தினாள். குழந்தை விரலைத்தான் பார்த்தது. பிறகு டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொண்டு காட்டுவதை விட்டாள். குயிலி எதைப் பார்க்கிறாளோ அதைத் தானும் பார்த்தாள். குழந்தை தரையில் குப்புறப் படுத்து எறும்பைப் பார்த்தால் இவளும் பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து அந்த எறும்பைப் பார்த்தாள். அப்போதுதான் ஒரு வெட்கக்கேடு தெரிந்தது. அவளால் ஒரு எறும்பைச் சேர்ந்தாற்போல் பார்க்க முடியவில்லை. எறும்பு ஒரு டைல்ஸைத் தாண்டுவதற்குள் கை ஃபோனைத் தேடியது. அவள் விட்டாலும் குழந்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் சாயங்காலங்களில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோமே, எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தரையில் கிடந்தபடியே அழுதாள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எறும்பு ஒரு சோற்றுப் பருக்கையைத் தூக்க முடியாமல் குட்டிக்கரணம் போட்டபோது குயிலியின் கண்கள் எறும்பிலிருந்து எழுந்து மோனிஷாவின் கண்கள் மேல் வழுக்கிக்கொண்டு போயின. நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு அவள் அந்த மாசத்தை ஓட்டினாள்.

அன்றும் ஒரு மத்தியானம். கௌசிக்குக் காய்ச்சல், உள்ளே படுத்திருந்தான். மோனிஷா குழந்தையைப் பால்கனி வாசல்படியில் உட்கார வைத்து, தான் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கதவோரச் சுவரில் காலண்டரும் வில்லையும். தண்ணீர்த் தொட்டி மேல் காக்கா வந்து உட்கார்ந்தது. அவள் காட்டவில்லை. காட்டத் தெம்பில்லை. பேசாமல் சோற்றைப் பிசைந்தாள்.

குயிலியின் வலது கை மடியிலிருந்து எழுந்தது.

மூடிய முஷ்டியிலிருந்து ஆள்காட்டி விரல் மட்டும் மெல்லப் பிரிந்து நீண்டது. விரல் தொட்டிப் பக்கம் போகவில்லை. காக்காய்ப் பக்கம் போகவில்லை. நேராக அவளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்றது. குழந்தையின் கண்களும் அவள் முகத்தில் வந்து நின்றன. வந்தது விலகவில்லை. எத்தனை நாள் தவம்!

பிறகு குயிலி தலையைத் திருப்பினாள். நீட்டிய விரல் அப்படியே இருக்க, காலண்டர் ஆணியில் தொங்கிய வில்லையைப் பார்த்தாள். திரும்பி மோனிஷாவைப் பார்த்தாள். மறுபடியும் வில்லையை. புருவம் உயர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அது ஒரு கேள்வி. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து கேட்ட முதல் கேள்வி. அதோ இருக்கிறதே, அது என்ன?

டாக்டர் மேஜையில் வைத்த மூன்று பொம்மைகள் மோனிஷாவின் கண் முன்னால் வந்தன. முக்கோணம் சரியாகத்தான் அமைந்திருந்தது. ஒரு மூலையில் குழந்தை. ஒரு மூலையில் குழந்தை நம்பிக் கேட்கிற துணை, வில்லை. காக்கா உட்கார வேண்டிய மூன்றாவது மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா," என்றாள் மோனிஷா. "அம்மா, கண்ணு. நான் உன்ற அம்மா."

குயிலி குனிந்து தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்து மறுபடியும் ஆணியைப் பார்த்தாள். நீட்டிய கை தணிந்தது. பதிலே வராத கை நாலஞ்சு தடவைக்கு மேல நீளாது.

மோனிஷா உட்கார்ந்த இடத்திலிருந்தே எக்கி, பிசைந்த கையாலேயே வில்லையை ஆணியிலிருந்து பறித்தாள். கூடவே காலண்டரும் கிழிந்து விழுந்தது. அணைத்துப்போட்ட, உயிரில்லாத வில்லை. அதைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். தன்னால் முடிந்த மட்டும் கனிவாக, அது பேசுகிற மாதிரியே சொன்னாள்.

"அம்மா."

குயிலியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அம்மா!" என்றாள், வில்லையைப் பார்த்து.

எத்தனையோ நாள் காத்திருந்த வார்த்தை. ஒரு தடவை என்னைப் பார்த்தும் சொல்லிவிடு என்று மோனிஷா மனதுக்குள் கெஞ்சினாள். குழந்தைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. விரலை இப்போது தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, அவசரமாக வில்லையைப் பார்த்தது.

"காக்கா," என்றாள் மோனிஷா வில்லைக்குப் பின்னாலிருந்து.

"காக்கா!"

விரல் நகர்ந்தது. செடி. கம்பி. செருப்பு. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இடது கையால் வில்லையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊட்டினாள். கிண்ணத்துச் சோறு முழுக்கவும் இறங்கியது.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கௌசிக் காய்ச்சல் குரலில் கேட்டான். "மோனி, செவிலிய மறுபடியும் போட்டுட்டியா?"

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமென்றால் வில்லையைக் கீழே வைக்க வேண்டும்.

"ஆமாங்க," என்றாள். "போட்டாச்சு."